மூக்குக்கு முன்னால் ஒரு லாரி

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் டயரை உதைத்துப் பார்ப்பார்கள். கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். கிலோமீட்டர் முள்ளைப் பார்த்து நம்பாமல் சிரிப்பார்கள். அவர் முகர்ந்து பார்த்தார். கோயமுத்தூரில் ஒரு புரோக்கர் வீட்டு வாசலில், நல்ல வெயிலில், ஆயில் குச்சியை உருவி மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சைலன்ஸர் குழாய்க்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அதை முகர்ந்தார். பின் சீட்டைத் தூக்கி அடியில் தலையை விட்டு முகர்ந்தார். வெளியே வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"இந்த வண்டியில யாரோ அடிக்கடி மாம்பழம் கொண்டு போயிருக்காங்க. நல்ல குடும்பத்து வண்டி. எடுத்துக்கலாம்."

புரோக்கர் என்னைப் பார்த்தார். லீவுக்கு ஊருக்கு வந்திருந்த நான் வழி காட்டத்தான் கூடப் போயிருந்தேன். முகர்ந்தவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார். அவருக்கு இது பழகிப் போயிருந்தது. தன்னைப் பெண் பார்க்க வந்தபோதும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தூங்கிவிட்டார் என்று தங்கள் வீட்டில் நினைத்தார்கள் என்று திரும்பும் வழியில் அக்கா சொன்னார்.

அவர் குன்னூரில் ஒரு தேயிலை ஏல ஆபீசில் டீ டேஸ்டர். எஸ்டேட்டுகளிலிருந்து வரும் சாம்பிள்களைக் குடித்துப் பார்த்து, இது இன்ன தரம், இன்ன குறை என்று சொல்வது அவர் வேலை. அதே ஆபீசில் நான் டைப்பிஸ்ட். நீள மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் எண் மட்டும் இருக்கும். எந்த எஸ்டேட் என்று எழுதியிருக்காது. அவர் கரண்டியில் அள்ளி, தெருமுனை வரை கேட்கும் ஓர் உறிஞ்சலோடு வாய்க்குள் இழுத்து, நாக்கில் உருட்டி, சக்கரம் வைத்த துப்புத்தொட்டியில் துப்பிவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வார். நான் பின்னாலேயே நடந்து எழுதிக்கொள்வேன். 'பிரிஸ்க்' என்றால் நாக்கில் துள்ளும் டீ. 'பாடி' என்றால் கனம். 'ஃபிளாட்' என்றால் உயிர் போன டீ. இந்த மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு அவர் உலகத்தையே அளந்துவிடுவார். எங்கள் ஆபீஸ் மேனேஜர் ஃபிளாட். ஊட்டி பஸ் கண்டக்டர் பாடி உண்டு, பிரிஸ்க் இல்லை. நான் சேர்ந்த முதல் வாரத்தில் என்னைப் பிரிஸ்க் என்று சொன்னார் என்று கேள்விப்பட்டு இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

பேரைப் பார்த்து மதிப்பு சொல்வது அவருக்குப் பிடிக்காத காரியம். "லேபிளை மறைச்சுட்டுத்தான் ருசி பாக்கோணும்" என்பார். ஹோட்டலில் சப்ளையர் பலகாரங்களை ஒப்பிக்க ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவார்: "பேரச் சொல்லாதீங்க. கொண்டாந்து வைங்க." தீபாவளிக்கு நாலு வீட்டிலிருந்து வந்த முறுக்கை யார் வீட்டுது என்று தெரியாமல் கலந்து வைக்கச் சொல்லி, தின்று பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். கடைசி இடம் கிடைத்தது அவருடைய சொந்த மாமியாருக்கு. அக்கா ஒரு வாரம் பேசவில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது, ஜாதகத்தையும் சம்பளத்தையும் மறைத்துவிட்டு ஆளை மட்டும் காட்டச் சொல்லுங்கள் என்று என் அப்பாவுக்கே போன் செய்து சொன்னார். அப்பா அதன் பிறகு ஆபீசுக்குப் போன் செய்வதையே விட்டுவிட்டார்.

நாங்கள் கேத்திப் பள்ளத்தாக்கில் அக்கம்பக்கத்து வீடுகளில் குடியிருந்தோம். கார் வந்த பிறகு தினமும் காலையில் மூன்று பேரும் சேர்ந்துதான் போவோம். அவர் ஓட்டுவார். வெலிங்டனில் ஸ்கூல் டீச்சராக இருந்த அக்கா முன்னால். நான் பின்னால். காரில் சில சட்டங்கள் உண்டு. பவுடர் கூடாது. தேங்காய் எண்ணெய் மணக்கக் கூடாது. ஊதுபத்தி மணம் ஏறிய சேலையோடு வரக் கூடாது. மல்லிகைப் பூ கூடவே கூடாது. எல்லாம் அவருடைய மூக்குக்காக. அக்கா வாரம் முழுக்கப் பூ வைக்காமல் இருந்து ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக வைத்துக்கொள்வார். அன்றைக்கு அவர் வருவது தெருத் திரும்பும் முன்பே தெரியும்.

அந்த மூக்குக்குத்தான் ஒரு நாள் கெட்ட பேர் வந்தது.

கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் சாம்பிளைக் குடித்துவிட்டு அவர் "ஸ்மோக்கி" என்றார். டீயில் புகை வாசம். தேயிலைத் தொழிலில் இது பெரிய வார்த்தை. இலையைக் காய வைக்கும் டிரையரில் சூட்டுக் குழாய் எங்கோ விரிசல் விட்டு, அடுப்புப் புகை காற்றோடு கலந்துவிட்டது என்று அர்த்தம். எஸ்டேட்டில் அடுப்பை அணைத்து, டிரையரைப் பிரித்துப் போட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். விரிசல் எதுவும் இல்லை. எஸ்டேட் மேனேஜர் நேரில் வந்து குதித்த குதியில் டேஸ்டிங் ரூம் கோப்பைகள் ஆடின.

இவர் மறுநாள் காலை காரில் வரும்போது திடீரென்று வண்டியை ஓரம் கட்டினார். முன்னால் ஒரு கேரட் லாரி ஏறிக்கொண்டிருந்தது. பள்ளத்தாக்கில் கழுவி மூட்டை கட்டிய கேரட்டை ஏற்றிக்கொண்டு, கேத்தியிலிருந்து எல்லநள்ளி மெயின் ரோட்டுக்கு ஏறும் அந்தக் குறுகிய ரோட்டில் முதல் கியரில் முனகிக்கொண்டு, கறுப்புப் புகையாகக் கக்கிக்கொண்டு போகும். தினமும் எங்களுக்கு முன்னால் அதுதான். அதன் பின்பக்கத்தில் ஒரு மயில் வரைந்திருக்கும். அந்த மயிலின் ஒவ்வோர் இறகும் எங்களுக்கு மனப்பாடம்.

"அம்மிணி" என்றார் என்னிடம் திரும்பாமலே. "புகை டீயில இல்ல. என்ற மூக்குல இருந்திருக்குது. இந்த லாரிப் புகையத் தெனமும் குடிச்சுட்டுப் போய் உக்காந்தா எந்த மூக்குத்தான் தாங்கும்?"

போய் முதலாளியிடம் அதையே சொன்னார். மறைக்கத் தெரியாது அவருக்கு. முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் எஸ்டேட்காரர்களை இழக்க அவரால் முடியாது.

"இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா கொச்சியில இருந்து ஆளக் கூட்டியாந்துருவேனுங்க" என்றார். "நீங்க கோடவுன்ல சாம்பிள் பிரிச்சுக் குடுத்துட்டு இருங்க. என்னையத் தப்பா நெனச்சுக்காதீங்க."

அந்த மேசையை விட்டு அவரைக் கோடவுனுக்கு அனுப்புவது, பாடுகிறவரை மைக் செட் தூக்கச் சொல்வது போல. அன்று முழுவதும் அவர் எதையும் முகரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாயங்காலம் காரில் ஏறியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "லாரியத் தாண்டோணும்."

முன்கூட்டியே கிளம்பலாமே என்று கேட்காதீர்கள். கேட்டோம். முன்னால் கிளம்பினால் மில்லுக்கு விறகு ஏற்றிய டிராக்டர். பின்னால் கிளம்பினால் பஸ். ஜன்னலை ஏற்றி விட்டாலும் அந்தப் பழைய காரில் புகை எப்படியோ காலுக்கடியிலிருந்து வரும். தாண்டுவதற்கு வழி நெடுக ஒரே ஒரு இடம்தான், கேத்தி ஸ்கூலுக்குக் கீழே ரோடு கொஞ்சம் அகலமாகும் ஏற்றம். அங்கே எங்கள் கார் இரண்டாவது கியரில் திணறும். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் "நானா?" என்று கேட்பது போல் ஒரு சத்தம் போட்டுவிட்டு அப்படியே போகும். அகலம் முடிந்துவிடும். மறுபடியும் மயில்.

ஆக, காருக்குக் கொஞ்சம் வேகம் ஏற்ற வேண்டும். ரேஸுக்குப் போகிற வண்டி இல்லை, தினமும் ஆபீஸ் போய்வருகிற வண்டி. எதை மாற்றினால் இழுவை வரும்? அருவங்காட்டில் மெக்கானிக் பாயிடம் போனோம். பாய்க்கு அன்று பெருநாள் மாதிரி. இத்தனை வருஷமாகக் கிளட்ச் ஒயரும் பேன் பெல்ட்டும் மாற்றிக்கொண்டிருந்தவரிடம் ஒருவர் வந்து வேகம் வேண்டும் என்று கேட்கிறார்.

"மொதல்ல சைலன்ஸர் சார். பெரிய குழாய் போட்டுருவோம். சத்தம் வந்தா வேகம் தானா வரும்."

"அப்படியெல்லாம் ஆகாதுங்க பாய்" என்றார் இவர். "ஒவ்வொரு சனிக்கிழமையும் வண்டிய உங்ககிட்ட உடறேன். நீங்க ஒரே ஒரு சாமான மாத்துங்க. இல்லாட்டி மாத்தாம சும்மாவும் உடலாம். என்ன பண்ணுனீங்கன்னு எனக்குச் சொல்லப்படாது. பானெட்டுல டேப் ஒட்டிருங்க. ஞாயித்துக்கிழமை நான் ஏத்தத்துல ஓட்டிப் பாத்துச் சொல்றேன். அப்புறம் அம்மிணி டேப்பப் பிரிக்கட்டும்."

பாய் என்னைப் பார்த்தார். நானும் கோயமுத்தூர் புரோக்கர் பார்த்தது மாதிரியே அக்காவைப் பார்த்தேன். அக்கா, "செய்யுங்க பாய், இல்லாட்டி விட மாட்டாரு" என்றார்.

முதல் வாரம் பாய் தன் ஆசைப்படி சைலன்ஸரைத்தான் மாட்டினார். இதில் ஒரு சிக்கல். வண்டியை எடுத்ததுமே லேபிள் சத்தம் போட்டது. கேத்தி முழுக்க நாய்கள் எழுந்து நின்றன. இவர் உடனே வண்டியை நிறுத்தி, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். காதில் கேட்டால் மனசு ஏமாந்துவிடுமாம். ஏற்றத்தில் பின்னால் பஸ் ஹாரன் அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. அக்கா அவர் தொடையில் ஓங்கி ஓங்கி அடித்தார். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் மிதித்தார். மேலே போய் நின்றதும் பஞ்சை எடுத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "கலர் இருக்குது. சரக்கு இல்ல." கழற்றச் சொல்லிவிட்டார். பாய் அந்தக் குழாயை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போனதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அடுத்து ஏர் ஃபில்டர். "ஃபிளாட்." அதற்கடுத்து அகலமான டயர். ஸ்டியரிங்கைத் திருப்ப அவர் எழுந்து நிற்காத குறை. "பாடி உண்டு, பிரிஸ்க் போச்சு." பழைய அளவிலேயே நல்ல பிடிப்புள்ள டயர் போதும் என்று அக்கா சொல்லி, அதையே போட்டோம். மழை நாளில் அது பிரமாதமாக இருந்தது. ஆனால் லாரியைத் தாண்டவில்லை.

பிரேக் கட்டையைப் புதிதாக மாற்றலாம், பிரேக் ஆயிலையும் மாற்றலாம், வேகம் கூட்டுவதற்கு முன்னால் நிற்கிற சக்தி கூட வேண்டும் என்று பாய் சொன்னார். நல்ல யோசனைதான். இவர் அதற்கும் டேப் ஒட்டச் சொன்னார். அன்றைக்குத்தான் அக்கா குரலை உயர்த்திக் கேட்டேன்.

"ஏனுங்க, பிரேக்கு மாத்தியிருக்குதா இல்லையான்னு தெரியாம இந்த எறக்கத்துல எறங்கி ருசி பாக்கறதுக்கு நான் ஆளில்லீங்க! பிரேக்க மட்டும் பாய் மாத்தறத என்ற கண்ணால பாக்கோணும்!"

பாய் மாற்றினார். அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்ப்பது போல் பார்த்தார். லேபிள் மறைக்காமல் நடந்த ஒரே வேலை அது.

பிறகு எடையைக் குறைக்கும் பைத்தியம் பிடித்தது. ஆபீஸ் கோடவுனில் தேயிலை மூட்டை நிறுக்கும் தராசில் என்னை ஏறச் சொன்னார். மறுத்துவிட்டேன். அக்காவின் கைப்பையை நிறுத்தார், அது நிஜமாகவே கனமாக இருந்தது. உள்ளே இருந்த திருத்தாத பரீட்சைப் பேப்பர்களை அக்கா எடுத்துப் போட மறுத்தார். கடைசியில் பின் சீட்டைக் கழற்றிவிட்டு, நான் உட்கார ஒரு காலி டீப்பெட்டியை வைத்தார். அந்தக் காலத்தில் தேயிலை பேக் பண்ணும் பிளைவுட் பெட்டி. இறகு மாதிரி லேசு. அதுதான் பிரச்சினை. வளைவுக்கு வளைவு நானும் பெட்டியும் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்குப் போனோம். இடது வளைவில் வலது ஜன்னலில் என் முகம் ஒட்டியிருக்கும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்துக் கை காட்டினார்கள், நானும் போகிற போக்கில் காட்டினேன். ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது, உருண்டு உருண்டு இடுப்பும் வலித்தது. மறுநாள் சீட் திரும்ப வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஏற்றத்தின் உச்சியில் வண்டியை நிறுத்தி, முகமெல்லாம் பல்லாக, "பிரிஸ்க்! இதுதான்! என்ன மாத்துனாருன்னு பிரி அம்மிணி!" என்று கத்தினார். டேப்பைப் பிரித்தேன். உள்ளே ஒன்றும் மாறியிருக்கவில்லை. போய்க் கேட்டால் பாய், "ஒண்ணும் பண்ணல சார். வண்டியக் கழுவி, டயருக்குக் காத்து புடிச்சேன்" என்றார். அவருக்கு அடக்க முடியாத சிரிப்பு. நாங்களும் சிரித்தோம். இவர் மட்டும் சிரிக்கவில்லை. "கோப்பை பளபளன்னு இருந்தா டீயும் நல்லா இருக்கற மாதிரித் தோணும்" என்று மெதுவாகச் சொன்னார். தன் நாக்கும் மூக்கும் இனிப் பழையபடி இல்லையோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. முதலாளி கொச்சிக்குப் போன் செய்துவிட்டார் என்று ஆபீசில் பேச்சு வேறு அடிபட்டது.

அதற்குப் பிறகும் அவரைக் காப்பாற்றியது அந்த மூக்குதான். வீட்டு வாசலில் கார் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கீழே விழுந்த வீட்டுச் சாவியை எடுக்கப் பின்பக்கம் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மிணி, இங்க வா. மோந்து பாரு."

முகர்ந்தேன். இருமினேன்.

"வேகாத பெட்ரோலு" என்றார். "சரியாப் புளிக்காத எலையில பச்சை வாசம் வருமே, அதே மாதிரி. எரியாமயே வெளிய வருது."

நேரே பாயிடம் போனோம். பாய் தலையில் அடித்துக்கொண்டார். "கோயமுத்தூர் வண்டியாச்சே சார் இது! கீழ காத்து கனம், மேல காத்து லேசு. கார்புரேட்டர் கீழ ஊத்துன அளவுக்கே இங்கயும் பெட்ரோல ஊத்திட்டு இருக்கு. காத்துப் பத்தாம மூச்சு முட்டுது. ஜெட்ட மாத்தோணும்." ஜெட் என்பது பெட்ரோல் இறங்குவதற்காக நடுவில் ஊசித் துளை போட்ட ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. பட்டாணி அளவு. சைலன்ஸரும் டயரும் செய்யாததையா இது செய்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

அதற்கும் டேப்தான். இரண்டு வாரம் பாய் சும்மா விட்டார், இரண்டு வாரமும் இவர் "ஃபிளாட்" என்று சரியாகச் சொன்னார். மூன்றாவது வாரம் ஸ்கூலுக்குக் கீழே ஏற்றம் வந்தது. கார் ஒரு தும்மல் கூடப் போடாமல் ஏறியது. அக்காவின் பை மடியிலிருந்து பின்னால் சாய்ந்தது. மேலே போய் அவர் இன்ஜினை அணைத்தார்.

"எழுதிக்க அம்மிணி" என்றார்.

"பேப்பர் இல்லீங்களே சார்."

"மனசுல எழுதிக்க. பிரிஸ்க்."

டேப்பைப் பிரித்தோம். ஜெட்டுக்குப் பக்கத்தில் பாய் சந்தோஷத்தில் ஒரு பொட்டு மஞ்சள் பெயிண்ட் வைத்திருந்தார்.

வீடு திரும்பும்போது அக்கா கேட்டார்: "ஏனுங்க, பெட்ரோலு வேகலன்னு கண்டுபுடிக்கற மூக்கு, டீயில மட்டும் எப்படீங்க தப்பும்?"

"அது பெட்ரோலு. இது டீ" என்றார் அவர். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார்.

கொச்சிக்காரர் வந்த நாளும் வந்தது. இரண்டு பேரும் ஒரே வரிசையைக் குடித்துப் பார்க்க வேண்டும். முன்பு தகராறு செய்த எஸ்டேட்டின் சாம்பிளும் அதில் ஒன்று, எந்தக் கோப்பை என்று சொல்ல மாட்டேன் என்று முதலாளி முன்னாலேயே சொல்லிவிட்டார். அன்று காலை வழக்கமான நேரத்துக்கே கிளம்பினோம். ஜன்னல்கள் இறுக ஏற்றியிருந்தன. முதல் வளைவிலேயே மயில் காத்திருந்தது. அது வழக்கத்தைவிடக் கறுப்பாகக் கக்கியது போல் எனக்குப் பட்டது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். நிஜமாகவே பிடித்துக்கொண்டு. முகம் சிவந்தது. அகலம் வந்தது. எதிரே யாரும் இல்லை. ஹாரன் அடித்தார், இரண்டாவது கியர் போட்டார், மிதித்தார்.

கார் பாய்ந்தது. மயிலின் தோகை ஜன்னலோரம் நகர்ந்தது, மூட்டைகள் நகர்ந்தன, பெரிய சக்கரம் நகர்ந்தது. "போங்க! போங்க! போங்க!" என்று பாடம் நடத்துகிற குரலில் அக்கா கத்தினார். நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. தாண்டிவிட்டோம். இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் அந்த லாரியின் முன்பக்கத்தை நாங்கள் பார்த்தோம். இரண்டு எலுமிச்சம்பழம் தொங்கியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மப்ளர் கட்டிய ஒருவர் வாயைப் பிளந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் பிடித்த மூச்சை அப்போதுதான் விட்டார். வெலிங்டனில் அக்கா இறங்கும்போது புருஷன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார், ரோட்டில், ஸ்கூல் பிள்ளைகள் பார்க்கப் பார்க்க.

டேஸ்டிங் ரூமில் கொச்சிக்காரர் வெள்ளைச் சட்டைக்கு மேல் கனமான ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றார். பணிவான இளைஞர். அவர் முதலில் வரிசை முழுவதையும் குடித்து முடித்தார். எதிலும் பெரிய குறை சொல்லவில்லை. பிறகு இவர். உறிஞ்சினார், துப்பினார், சொன்னார். நான் எழுதினேன். வரிசையின் நடுவில் ஒரு கோப்பையில் நின்றார். இன்னொரு முறை உறிஞ்சினார். கரண்டி கையிலேயே இருந்தது.

"ஸ்மோக்கி."

 முதலாளி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அதே எஸ்டேட்.

"மறுபடியும் லாரியா?" என்றார் முதலாளி. கோபமாகக் கேட்கவில்லை, வருத்தமாகக் கேட்டார். அதுதான் இன்னும் மோசம். இவர் பதில் சொல்ல வாயெடுத்தார். 'இருக்கலாமுங்க' என்றுதான் சொல்லப் போகிறார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த மனிதருக்குத் தன் மேல் பழி போட்டுக்கொள்வதில் அப்படி ஓர் அவசரம். அதற்குள் முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீயும் அந்தக் காருலதான வர்ற? காலைல லாரி முன்னால போச்சா?"

"முன்னால இல்லீங்க" என்றேன். குரல் எனக்கே தெரியாமல் உயர்ந்துவிட்டது. "லாரி எங்களுக்குப் பின்னாலதாங்க வந்துட்டு இருக்குது. இன்னும் குன்னூரே வந்து சேந்திருக்காதுங்க!"

இவர் என்னைப் பார்த்தார். பிறகு கோப்பையைப் பார்த்தார். மூன்றாவது முறையாக உறிஞ்சினார், இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு.

"ஸ்மோக்கிதானுங்க" என்றார். "அன்னைக்கு அவங்க அடுப்ப அணைச்சுட்டு, ஆறுன குழாயப் பாத்தாங்க. இன்னைக்கு டிரையர் சூடா ஓடறப்பவே பாக்கச் சொல்லுங்க."

முதலாளி போன் செய்தார். பதில் வர மதியம் ஆனது. அதுவரை இவர் துப்புத்தொட்டியை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் உருட்டிக்கொண்டிருந்தார். போன் அடித்ததும் முதலாளி எடுத்தார், கேட்டார், வைத்தார். குழாய் சூடேறி விரிகிறபோது மட்டும் மயிரிழையாக ஒரு விரிசல் திறக்கிறது. ஆறினால் மூடிக்கொள்கிறது. மேனேஜரே கண்ணால் பார்த்தாராம்.

கொச்சிக்காரர் தன் ஸ்வெட்டர் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு வெட்கத்தோடு சிரித்தார். "கெஸ்ட் ஹவுஸ்ல ஃபயர் பிளேஸ் பக்கத்துலதான் படுத்தேன் சார். தணுப்பு தாங்கல. என் மூக்கு முழுசும் புகை." போகும்போது இவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

எல்லோரும் போன பிறகு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அம்மிணி, அப்ப அன்னைக்கும்..."

"அன்னைக்கும் நீங்க சொன்னது சரிதாங்க சார்."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. "ஊரே தப்புன்னுச்சு, நானும் ஆமான்னுட்டேன் பாரு. லாரிக்காரன் மேல பழியப் போட்டு, என்ற மூக்கை நானே நம்பலையே" என்றார்.  சாயங்காலம் அக்காவிடம் சொன்னபோது அவர் முதலில் அழுதார், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். காதில் பஞ்சு, டீப்பெட்டி, தராசில் கைப்பை, ஒவ்வொன்றாக நினைவு வர வர வண்டியை ஓரம் கட்டி மூன்று பேரும் சிரித்தோம். அத்தனையும் தேவையே இல்லாத வேலை!

மறுநாள் காலை. அதே ஏற்றம், அதே மயில். அகலமான இடம் வந்தது. எதிரே வண்டி இல்லை. அவர் தாண்டவில்லை. தன் பக்கத்து ஜன்னலைக் கீழே வரை இறக்கினார். எங்களையும் இறக்கச் சொன்னார். கறுப்புப் புகை உள்ளே வந்து எங்கள் சேலையிலெல்லாம் படிந்தது. அவர் தலையை வெளியே நீட்டி, டேஸ்டிங் ரூமில் உறிஞ்சுவதைப் போல் அந்தப் புகையை ஒரு முழு இழுப்பு உறிஞ்சினார். நாக்கில் உருட்டினார். தலையை ஆட்டினார். பிறகு மிதித்தார். கார் பாய்ந்து டிரைவர் ஜன்னலுக்கு நேராகப் போனது.

"அண்ணா! உங்க வண்டியில இன்ஜெக்டர் ஒழுகுதுங்க! பாத்துருங்க!"

மப்ளர்காரர் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "எந்த மெக்கானிக்குங்க சொன்னாரு?"

"மெக்கானிக் இல்லீங்க!" என்றார் அவர், ஹாரனை அழுத்திக்கொண்டே. "என்ற மூக்கு!"